கடித்த நாயின் வழக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் கிடைத்த நடுகல் ஒன்று தமிழக வரலாற்றில் தனிச் சிறப்பு உடையது. முதலாம் மகேந்திரவர்மன் என்னும் பல்லவ வேந்தன் ஆண்ட காலத்தில், அதாவது கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கும் பொருட்டுப் போரிட்டு உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக அக்கல் நடப்பெற்றது. வீரனின் உருவத்துக்கு அருகிலே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு அதன் பெயரைச் சுட்டியே கூறுகிறது. மன்னர் பலருக்கும் கிட்டாத பேறு இது.

கோவிவன் செய்த அருஞ்செயல்தான் என்ன? கடித்தது; அவ்வளவே. அதே பல், அதே தாடை, அதே சீற்றம். ஆனால் கடிபட்டவர் கள்வராக இல்லாமல், கடிதம் கொண்டுவந்த அஞ்சற்காரராகவோ, வேலிக்குள் விழுந்த பந்தை எடுக்க வந்த அடுத்த வீட்டுச் சிறுவனாகவோ இருந்துவிட்டால் கல் நடுவார் எவரும் இலர். அன்று மாலை அந்த வீட்டில் நடக்கும் உரையாடலை நீங்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். "இனி இதை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது, கொன்றுவிடுங்கள்" என்பார் ஒருவர். "பையன் சும்மா இருந்திருக்க மாட்டான், வாலைப் பிடித்து இழுத்திருப்பான்" என்பார் மற்றொருவர். "பத்து மைலுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் பாவம் இல்லை" என்று மூன்றாமவர் நடுவழி காண்பார். வீட்டுக் குழந்தை அழும். நாயோ, நடந்தது இன்னதென்று அறியாமல், திண்ணையோரத்தில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

இந்த உரையாடல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. எழுத்து தோன்றிய காலந்தொட்டே மனிதன் இதைப்பற்றிச் சட்டம் எழுதி வந்திருக்கிறான். அந்தச் சட்டங்களைக் காலவரிசையில் படித்துச் செல்லும்போது ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது. நாயைப்பற்றி எழுதத் தொடங்கியவர்கள் எல்லோரும் சில வரிகளுக்குள் மனிதனைப்பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

இன்றைய ஈராக் நாட்டில், பாக்தாது நகரை அடுத்த டெல் ஹர்மால் என்னும் மேட்டை 1940களில் அகழ்ந்து ஆராய்ந்தார்கள். அங்கே ஆப்பு வடிவ எழுத்துகள் பொறித்த களிமண் பலகைகள் சில கிடைத்தன. எஷ்நுன்னா என்னும் பழைய அரசின் சட்டங்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. ஏறத்தாழ கி. மு. 1770ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அம்முராபியின் புகழ்பெற்ற சட்டத் தொகுப்புக்கும் சற்று முற்பட்டவை. அவற்றுள் ஒரு விதி நாயைப்பற்றியது. அதன் பொருள் இது: ஒரு நாய் வெறி கொண்டிருக்கிறது; அந்தப் பகுதியின் பொறுப்பாளர்கள் அதனை உடையவனிடம் வந்து அறிவிக்கிறார்கள்; அறிந்த பின்னும் அவன் அதைக் காவலில் வைக்கவில்லை; அது ஒரு மனிதனைக் கடிக்க, அவன் இறந்துபோகிறான். அப்படியாயின் நாயை உடையவன் 40 செக்கல் எடையுள்ள வெள்ளியைத் தண்டமாக நிறுத்துத் தரவேண்டும்.

40 செக்கல் என்றால் எவ்வளவு? அதே சட்டத் தொகுப்பின் வேறோரிடத்தில் கூலியாள் ஒருவனின் மாதக் கூலி ஒரு செக்கல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உணவுக்குரிய பார்லித் தானியம் தனி. ஆகவே இத்தண்டம் ஓர் உழைப்பாளியின் 40 மாதக் கூலி. சிறிய தொகை அன்று. ஆனால் இறந்தவன் அடிமையாக இருந்தால் 15 செக்கல் போதும் என்று அடுத்த வரி கூறுகிறது. அந்த நாகரிகத்தின் அறிவைப் பாராட்ட வந்த நாம் அதன் இருளையும் கண்டு மேலே செல்லவேண்டியதுதான்.

இவ்விதியில் 'வெறி' என்னும் சொல் நோயைக் குறிக்கிறதா, இயல்பான மூர்க்கத்தைக் குறிக்கிறதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், வெறிநாய்க்கடியைப்பற்றி உலகில் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது இது என்று பலரும் இதனைக் கொள்கிறார்கள். எனக்கோ, விதியின் நடுவே வரும் ஒரு சிறு தொடரே வியப்பூட்டுகிறது. பகுதியின் பொறுப்பாளர்கள் வந்து அறிவித்தார்கள் என்கிறதே, அந்தத் தொடர். தண்டம் கடிக்காக மட்டும் விதிக்கப்படவில்லை. அறிவிப்பு ஒன்று நிகழ்ந்திருக்கவேண்டும். அதனைப் பொருட்படுத்தாமல் இருந்திருக்கவேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாதபடி ஒருவனைத் தெரிந்தவனாக ஆக்கிய பிறகே சட்டம் அவன்மேல் கை வைக்கிறது. நாயை என்ன செய்யவேண்டும் என்று அவ்விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கிரேக்க நாட்டில் சொலோன் என்னும் சட்ட மேதை கி. மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்சு நகருக்குச் சட்டங்கள் வகுத்தார். கடித்த நாயை மூன்று முழ நீளமுள்ள மரக்கட்டையைக் கழுத்தில் பூட்டி ஒப்படைத்துவிடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவர் வரலாற்றை எழுதிய புளூட்டார்க்கு இதைப் பாதுகாப்புக்குரிய நல்ல உபாயம் என்று பாராட்டுகிறார். நம் சிற்றூர்களில் வேலி தாண்டும் மாட்டின் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவதைக் கண்டவர்களுக்கு ஏதென்சின் இந்த அறிவு அயலானதாகத் தோன்றாது.

உரோமர்கள் சட்டத்தில் பெரிய நுண்ணறிவாளர்கள். அவர்களுடைய வீட்டு வாயில்களைப்பற்றி முதலில் ஒரு சொல். கி. பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்த பொம்பெயி நகரில், 'சோக நாடகக் கவிஞன் வீடு' என்று அழைக்கப்படும் இல்லத்தின் நுழைவாயில் தரையில், சிறு சிறு கற்களைப் பதித்து ஒரு நாயின் உருவம் அமைக்கப்பட்டிருக்கிறது. சங்கிலியால் கட்டப்பட்ட நாய்; பல்லைக் காட்டி நிற்கிறது. அதன் கீழே 'நாய் உண்டு, எச்சரிக்கை' என்னும் பொருளுடைய இரண்டு இலத்தீன் சொற்கள். இன்று நம் நகரங்களில் இரும்புக் கதவுகளில் தொங்கும் பலகைக்கு அது முன்னோர். அந்தப் பலகையைத் தொங்கவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவாரும் அன்றே இருந்திருக்கக்கூடும்.

உரோமரின் மிகப் பழைய சட்டம் கி. மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம். வளர்ப்பு விலங்கு ஒன்று தீங்கு விளைத்தால், உடையவன் அத்தீங்குக்கு ஈடு தரவேண்டும். தர விரும்பாவிட்டால் அவ்விலங்கையே பாதிக்கப்பட்டவனிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அது கூறியது. இன்று நமக்கு இது விந்தையாகத் தோன்றும். தன்னைக் கடித்த நாயைப் பரிசாகப் பெற்று ஒருவன் என்ன செய்வான்? பழங்காலத்தில் இதன் பொருள் வேறு. தீங்கு செய்த உயிரின்மீது பழிதீர்க்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு உண்டு. ஈடு கொடுத்து அந்த உரிமையை உடையவன் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பதே கருத்து. பழியிலிருந்து ஈட்டுக்கு மனிதன் நடந்து வந்த பாதையின் ஒரு மைல்கல் அது.

ஆனால் பல நூற்றாண்டுகள் கழித்து, கி. பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்னும் சட்ட அறிஞர் இதே விதிக்கு விளக்கம் எழுதும்போது காட்சி மாறிவிடுகிறது. விலங்குக்குப் பகுத்தறிவு இல்லை. ஆகையால் அது தீங்கு செய்யலாமே அன்றிக் குற்றம் செய்ய முடியாது என்கிறார் அவர். பின்னர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒருவன் ஒரு நாயை நடத்திச் செல்கிறான். அது தன் மூர்க்கத்தால் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு ஒருவருக்குத் தீங்கு செய்துவிடுகிறது. வேறொருவன் பிடித்திருந்தால் அதனை இன்னும் உறுதியாக அடக்கியிருக்க முடியுமா? அல்லது, அந்த நாயை அந்த வழியாக நடத்திச் சென்றிருக்கவே கூடாதா? இரண்டில் ஒன்று உண்மையானால், வழக்கு நாயைப்பற்றியது அன்று. அதைப் பிடித்திருந்தவனைப் பற்றியது. நாயை ஒப்படைத்துவிட்டுக் கைகழுவும் வழி அங்கே அடைபடுகிறது. தன்னால் அடக்க முடியாத வலிமையுள்ள நாயைச் சிறுவன் ஒருவன் கையில் வாரோடு கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்பும் பெரியவர்களை நான் கண்டதுண்டு. உல்பியனின் கேள்விகள் இரண்டும் அப்போது என் நினைவுக்கு வந்தன.

சீண்டப்பட்ட விலங்கைப்பற்றியும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒருவன் குதிரையை அடித்துத் துன்புறுத்த, அது வலி தாளாமல் உதைத்துவிட்டால், பழி குதிரைக்கு உடையவனைச் சாராது, அடித்தவனையே சாரும். வாலைப் பிடித்து இழுத்த சிறுவனின் வழக்கும் இதில் அடங்கும் என்று நம் வீட்டு இரண்டாமவர் மகிழலாம். முழுவதும் மகிழ வேண்டா. அறியாச் சிறுவர் வாலை இழுப்பார்கள் என்பது நாய் வளர்க்கும் பெரியவர் அறிந்திருக்கவேண்டிய செய்தி அல்லவா? மக்கள் நடமாடும் வழியருகே நாய், காட்டுப்பன்றி, கரடி, சிங்கம் முதலியவற்றை வைத்திருக்கக் கூடாது என்று உரோம நகராட்சி அதிகாரிகள் ஆணையிட்டிருந்தார்கள். சிங்கம் இருக்கும் அந்த வரிசையில் நாய் தலையில் நிற்பதைக் கவனியுங்கள். சிங்கம் வளர்ப்பவர் சிலர். நாய் வளர்ப்பவர் பலர்.

இனி ஐரோப்பாவின் மேற்குக் கோடிக்குச் செல்வோம். இங்கிலாந்தில் கி. பி. 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்பிரெடு மன்னரின் சட்டத் தொகுப்பில் நாய்க்கடிக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. முதல் முறை கடித்தால், நாய்க்கு உணவளிப்பவன் 6 சில்லிங் தரவேண்டும். இரண்டாம் முறை 12. மூன்றாம் முறை 30. அதற்கு மேலும் அவன் அந்த நாயை வைத்துக்கொண்டிருந்தால், காயத்துக்குத் தக்கபடி, மனிதன் ஒருவன் செய்த காயத்துக்கு எப்படியோ அப்படியே முழு ஈடும் செலுத்தவேண்டும். உடைமையை நிறுவும் பத்திரம் எதையும் அம்மன்னர் கேட்கவில்லை; சோறு போட்டாயா என்றுதான் கேட்டார். நாய் எங்கோ ஓடிப்போய்விட்டாலும் தண்டம் ஓடிப்போகாது என்றும் சொல்லி வைத்தார். பத்து மைலுக்கு அப்பால் விட்டு வரலாம் என்ற நம் மூன்றாமவருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. கடிக்கும் நாயை வேற்றூரில் விட்டு வருபவர் அதன் பற்களையும் அங்கேதான் விட்டு வருகிறார். அவ்வூரிலும் சிறுவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தை அடுத்த வேல்சு நாட்டின் பழஞ்சட்டங்கள் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹவெல் என்னும் மன்னரின் பெயரால் வழங்குகின்றன. கடிக்கும் வழக்கமுடைய நாய் மூன்று பேரைக் கடித்த பிறகும் உடையவன் அதைக் கொல்லவில்லையாயின், என்ன செய்யவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அந்த நாயை அவனுடைய காலிலேயே, இரண்டு சாண் இடைவெளி விட்டுக் கட்டவேண்டும். அங்கேயே அதைக் கொல்லவேண்டும். பிறகு அவன் மன்னனுக்குத் தண்டமும் செலுத்தவேண்டும்.

இது கொடிய சட்டந்தான். இதை நான் புகழ வரவில்லை. ஆயினும் இதை எழுதியவருக்கு மனித இயல்பு நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நாயைக் கொல்வது என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாமே செய்வதில்லை; வேறு யாரிடமாவது கயிற்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முதல் கடியிலும் இரண்டாம் கடியிலும் வாளாவிருந்தவன் அதன் விளைவைத் தன் கால்மாட்டிலேயே கண்டாகவேண்டும் என்று வேல்சு சட்டம் நினைத்தது போலும். இன்று கால்நடை மருத்துவர் வலியின்றி ஊசியால் உயிர் நீக்குகிறார். அப்போதும் உடையவர் அருகில் இருந்து அதன் தலையைத் தடவிக்கொண்டிருப்பது நாய்க்கு ஆறுதல் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அருகில் இருப்பதற்கு அன்று தண்டனை என்று பெயர். இன்று அன்பு என்று பெயர்.

பிற்கால ஆங்கிலச் சட்டம் வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. தன் நாய் மனிதரைக் கடிக்கும் இயல்புடையது என்பது உடையவனுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று கடிபட்டவர் மெய்ப்பிக்கவேண்டும். இல்லையேல் ஈடு கிடையாது என்று நீதிமன்றங்கள் கொண்டன. இதிலிருந்துதான், ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம் என்ற கேலிப் பேச்சு ஆங்கிலேயரிடையே எழுந்தது. உண்மையில் முதல் கடியும் இலவசம் அன்று. கடிக்கப் பாய்ந்ததை உடையவன் கண்டிருந்தாலே அவன் அறிந்தவன் ஆகிவிடுவான். ஆயினும் பிறர் மனத்தில் இருந்த அறிவை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதா? எஷ்நுன்னாவில் பொறுப்பாளர்கள் நேரில் வந்து அறிவித்தார்கள். இங்கிலாந்திலே கடிபட்டவரே சாட்சி தேடி அலைந்தார்.

இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. 1865ஆம் ஆண்டு ஆங்கிலப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நாய் ஆட்டையோ மாட்டையோ கடித்தால், அதன் இயல்பு உடையவனுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கவேண்டுவதில்லை. அவன் ஈடு தந்தே ஆகவேண்டும் என்றது அச்சட்டம். மனிதருக்கோ பழைய விதியே நீடித்தது. அதாவது, நாய் ஆட்டுக்குட்டியைக் கடித்தால் உடனே பணம். குழந்தையைக் கடித்தால் சாட்சியம் வேண்டும். ஆட்டு மந்தைகளை உடையவர்கள் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் காரணம் ஓரளவு விளங்கும். மனிதரைப்பற்றிய விதி அங்கே 1971ஆம் ஆண்டில்தான் புதிய சட்டத்தால் மாற்றி அமைக்கப்பட்டது.

நாயைப்பற்றிய முடிவைத் தெளிவாக நீதிபதியின் கையில் கொடுத்தது 1871ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம். ஒரு நாய் அபாயமானது, முறையான கட்டுப்பாட்டில் இல்லை என்று கண்டால், அதைக் கட்டுப்பாட்டில் வைக்கும்படியோ கொன்றுவிடும்படியோ நீதிபதி ஆணையிடலாம். 'கட்டுப்பாடு' என்ற முதல் வழி அங்கே சட்டத்தில் இடம் பெற்றுவிட்டது. 1991இல் மற்றொரு சட்டம் வந்து, சில இன நாய்களை இனப்பெயர் கூறியே தடை செய்தது. இனத்தைப் பார்ப்பதா, நாயைப் பார்ப்பதா, வளர்ப்பவரைப் பார்ப்பதா என்ற வாதம் அன்றுமுதல் இன்றுவரை ஓயவில்லை. அதே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த்தான் 2002இல் ஒரு வழக்கு உலகெங்கும் பேசப்பட்டது. குற்றவாளிக் கூண்டுக்கு வந்தவர் இங்கிலாந்து அரசியாரின் மகள், இளவரசி ஆன். அவருடைய நாய் டாட்டி, வின்சர் பூங்காவில் மிதிவண்டியில் சென்ற இரண்டு சிறுவர்களைக் கடித்துவிட்டது. இளவரசி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 500 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. நாயின் உயிர் காக்கப்பட்டது. ஆனால் பொது இடங்களில் அதை வாரில் பிடித்துச் செல்லவேண்டும், அதற்குப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. 6 சில்லிங் முதலான ஆல்பிரெடு மன்னரின் பட்டியலும் சொலோனின் மரக்கட்டையும் சேர்ந்து புதிய உருவில் வந்தன எனலாம்.

நம் நாட்டில் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு இதைப்பற்றியது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய பேரபாயத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல், அறிந்தோ கவனக்குறைவாலோ, ஒருவர் விட்டுவிட்டால் அவருக்கு 6 மாதம் வரை சிறையும் 1000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம் என்று அது கூறியது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் இதே விதி 291ஆம் பிரிவாக நிற்கிறது. தண்டம் 5000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. கடி நிகழ்ந்திருக்கவேண்டும் என்றுகூட இப்பிரிவு சொல்லவில்லை. காவாமல் விட்டதே குற்றம்.

இதுவரை சட்டத்தைப்பற்றியே பேசினேன். ஆனால் நாய்க்கடி வெறும் காயமாக மட்டும் இருந்திருந்தால், மனிதன் இத்தனை அஞ்சியிருக்க மாட்டான். அவன் அஞ்சியது வெறிநோயை. அந்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக மீட்சியே இல்லை. இன்றும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நம் நாட்டினர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இந்த அச்சத்தால் ஐரோப்பாவில் ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருந்தது. இன்று நலமாயிருக்கும் நாய் ஒன்று ஒருவனைக் கடிக்கிறது. அது என்றைக்காவது பிற்காலத்தில் வெறி கொண்டால், கடிபட்டவனும் அன்று வெறி கொள்வான் என்று பாமரர் நம்பினார்கள். ஆகவே கடித்த நாயை உடனே கொன்றுவிட்டார்கள். எந்த நாய் உயிரோடிருந்தால் உண்மை தெரியவருமோ அந்த நாயையே முதலில் கொன்றார்கள். கடிபட்டவன் பின்னர் மாதக்கணக்காக, 'அது வெறிநாயா, நல்ல நாயா?' என்ற ஐயத்திலேயே வாடினான். அந்த ஐயத்துக்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சி மண்ணுக்குள் கிடந்தது.

1885ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள். அப்போது செருமானிய ஆட்சியின்கீழ் இருந்த அல்சேசு மாநிலத்தில், பள்ளிக்குத் தனியே சென்றுகொண்டிருந்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன்மேல் ஒரு நாய் பாய்ந்து பதினான்கு இடங்களில் கடித்தது. பாஸ்டர் புதிய தடுப்பூசியை முதன்முதல் இட்டுக் காத்த சிறுவன் இவன்தான் என்பதைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அந்த நாய் யாருடையது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அது தெருநாய் அன்று. அவ்வட்டாரத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் வளர்த்த நாய். சிறுவனைக் கடித்துவிட்டு அது நேரே வீட்டுக்குத் திரும்பியது. சோறிட்ட எசமானரின் கையையே கடித்தது. அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக் கொன்றார். வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வைக்கோலும் புல்லும் மரத்துணுக்குகளும் இருந்தன. உண்ணத் தகாதவற்றை உண்டிருந்தமையால் அது வெறிநாயே என்று முடிவு செய்தார்கள். அன்றைய மருத்துவத்துக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஜூலை 6ஆம் நாள் பாரிசு நகரில் பாஸ்டரின் வாயிலில் மூவர் வந்து நின்றனர்: சிறுவன், அவன் தாய், அந்தக் கடைக்காரர். கடைக்காரரின் சட்டையைத் துளைத்துப் பல் உள்ளே இறங்கவில்லை என்று கண்ட பாஸ்டர், அஞ்சவேண்டுவதில்லை என்று கூறி அவரை அனுப்பிவிட்டார். சிறுவனுக்கு அன்றிரவே முதல் ஊசி. பாஸ்டர் மருத்துவர் அல்லர் ஆகையால் கிராஞ்சே என்னும் மருத்துவர் ஊசியிட்டார். பத்து நாட்களில் பதின்மூன்று ஊசிகள். சிறுவன் பிழைத்தான். தன் நாய் கடித்த பிள்ளையோடு பாரிசு வரை வந்த அந்தக் கடைக்காரரின் மனநிலையை நான் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர் வந்தது தம் கைக்காயத்துக்காக மட்டுந்தானா என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை.

பாஸ்டரின் முறை விரைவில் நம் நாட்டுக்கும் வந்தது. 1900இல் இமயமலைச் சாரலில் கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் எழுந்தது. ஆயினும் தென்னாட்டில் கடிபட்டவர் கசௌலிக்குப் போய்ச் சேருவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். 1907இல் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்சு அளித்த நன்கொடை உதவியது. சமவெளியிலிருந்து மலைப்பாதையில் கடிபட்டவர்கள் சிகிச்சைக்காக அங்கே ஏறி வந்தார்கள். கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து செய்யும் மருந்து பின்னர் நாடெங்கும் பரவியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் சொல்லி அச்சுறுத்தியது அதைத்தான். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. இன்று கையில் இடும் சில ஊசிகளே போதும்; ஆழ்ந்த காயமாயின் எதிர்ப்புப் புரதமும் காயத்தில் செலுத்தப்படும். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுவதே எல்லாவற்றுக்கும் முதற்படி.

நாயின் தலைவிதியும் இந்த ஆராய்ச்சியால் மாறியது. 1903இல் நெக்ரி என்னும் இத்தாலிய அறிஞர், வெறி கொண்ட விலங்கின் மூளை உயிரணுக்களில் சிறு உருண்டைகள் காணப்படுவதைக் கண்டறிந்தார். நாய் மிக விரைவில் கொல்லப்பட்டால் அவை தோன்றியிருக்கமாட்டா. மேலும், நாயின் உமிழ்நீரில் நோய்க்கிருமி வெளிப்படுவது, நோய்க்குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னிருந்துதான் என்பதும், குறிகள் தோன்றியபின் அது விரைவில் இறந்துவிடும் என்பதும் தெளிவாயின. அதிலிருந்து ஒரு கணக்குப் பிறந்தது. கடித்த நாள் தொட்டுப் பத்து நாட்கள் அந்த நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் நஞ்சு இருந்ததில்லை. கடிபட்டவருக்கு ஊசியை உடனே தொடங்கிவிடவேண்டும். நாயின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் நாயைக் கொல்லாமல், கட்டி வைத்து, நீரும் உணவும் அளித்து, பத்து நாட்கள் பார்க்கவேண்டும். கடித்ததுமே கொல்லப்பட்டு வந்த நாய், மனிதனின் நலத்துக்காகவே உயிரோடு காக்கப்படவேண்டியதாயிற்று.

இந்தப் பத்து நாட்கள் அந்த வீட்டுக்கும் வேண்டியிருக்கின்றன. முதல் நாள் மாலையில் கோபமும் அழுகையுமாகப் பேசியவர்கள் ஐந்தாம் நாள் வேறு விதமாகப் பேசுவார்கள். அது தூங்கும்போது தொட்டதால் கடித்ததா? உணவருகே சென்றதால் கடித்ததா? காதிலோ காலிலோ வலி இருக்கிறதா? இதற்குமுன் உறுமியதுண்டா, உறுமியபோது நாம் சிரித்துவிட்டு விட்டோமா? வேலிக்கதவின் தாழ் எத்தனை மாதமாகப் பழுது? கால்நடை மருத்துவர் கேட்கும் கேள்விகளும் இவைதாம். விடைகளைப் பொறுத்துச் சில நாய்களுக்கு வாரும் வாய்ப்பூட்டும் பயிற்சியும் போதும். சில நாய்களைக் குழந்தைகள் இல்லாத வீட்டுக்கு, உண்மை முழுவதையும் சொல்லி, ஒப்படைக்கலாம். காரணமின்றி மீண்டும் மீண்டும் ஆழக் கடிக்கும் நாய் ஒன்று இரண்டு இருக்கத்தான் செய்யும். அவற்றுக்கு மருத்துவரின் ஊசியைத் தவிர வேறு வழி இல்லாமற் போகலாம். அந்த முடிவை எளிதென்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

பத்தாம் நாள் காலையில் அந்த நாய் வழக்கம்போல் எழுந்து, தட்டிலுள்ள சோற்றைத் தின்று, வாலை ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறிநோய் இல்லை. மருத்துவர் ஏட்டில் அவ்வாறே குறித்துக்கொள்கிறார். அடுத்த வீட்டுச் சிறுவனின் தந்தை வேலியருகே வந்து நின்று, நலமா என்று கேட்டுவிட்டு, கதவுத் தாழை ஒருமுறை கையால் அசைத்துப் பார்க்கிறார். எஷ்நுன்னாவில் பகுதிப் பொறுப்பாளர்கள் வந்து நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும். இனி அந்த வீட்டில் உள்ளவர்கள் அறியாதவர்கள் அல்லர்.